யோசினையும் வாய்க்காலும்: மனத்தைப் பழக்குதல் பற்றி ஓர் எளிய விளக்கம்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் நாள்கணக்கில் மனம் குமைந்து கிடந்தால், அவரைப் பற்றி வீட்டார் பெரும்பாலும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "அவருக்குக் கன யோசினை." யோசினை என்ற சொல் எங்கள் பேச்சில் இரண்டு பொருளில் வழங்குகிறது. வீடு கட்டுவதற்குக் கணக்குப் போட்டுப் பார்ப்பதும் யோசினை. வெளிநாட்டில் இருக்கும் மகனின் அழைப்பு வரவில்லையே என்று விடியும்வரை விழித்துக் கிடப்பதும் யோசினை. சிந்தனைக்கும் கவலைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் இந்த வழக்கு எனக்கு மிகவும் பொருத்தமாகவே படுகிறது. நடந்த சம்பவம் ஒன்றுதான். ஆனால் அதைச் சுற்றி மனம் ஓயாமல் நூற்றுக்கொண்டே போகும் எண்ணங்கள் அந்தச் சம்பவத்தைவிட நீளமானவை, பல வேளைகளில் அதைவிடக் கூடுதலாக நோகச் செய்பவை. மனத்தைப் பழக்குதல் என்று இன்று உளவியலில் பேசப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பகுதியைப் பற்றியதே.

பழக்குதல் என்றதும், கெட்ட எண்ணமே தோன்றாதபடி மனத்தை இரும்பாக்கிக்கொள்வது என்று பலர் விளங்கிக்கொள்கிறார்கள். தொடங்குகிறவர்களை முதல் வாரத்திலேயே சோர்வடையச் செய்வது இந்த எதிர்பார்ப்புத்தான். எண்ணம் தோன்றுவதை எவராலும் தடுக்க முடியாது. தோன்றிய எண்ணத்தை 'இது ஓர் எண்ணம்' என்று இனங்காணவும், அது சொல்வதை உடனே நம்பிவிடாமல் சற்று நின்று பார்க்கவும், அதன் பிறகு கையும் காலும் எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கவும் ஒரு கணநேர இடைவெளி தேவைப்படுகிறது. அந்த இடைவெளியை நாள்தோறும் சிறிது சிறிதாக அகலமாக்குவதையே இக்கட்டுரையில் மனத்தைப் பழக்குதல் என்கிறேன்.

தடுக்க முடியாது என்பதை எளிமையாகக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் டானியல் வெக்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் சிலரை அழைத்து, 5 நிமிடத்துக்கு மனத்தில் ஓடுவதை எல்லாம் உரக்கச் சொல்லும்படியும், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக்கூடாது என்றும், நினைவு வந்துவிட்டால் மணியை அடிக்கும்படியும் கேட்டார்கள். மணி திரும்பத் திரும்ப ஒலித்தது. அதைவிட முக்கியமானது அடுத்துக் கண்டது. 'இனி நினைக்கலாம்' என்று சொன்னபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டிருந்தவர்களைவிட, நினைவை அடக்கி வைத்திருந்தவர்களுக்கே கரடி கூடுதலாக வந்தது. செத்தவீட்டில் உறவினர் தோளைத் தொட்டு, "யோசியாதை பிள்ளை, மறந்துவிடு" என்று சொல்வது முழுக்க முழுக்க அன்பினால்தான். ஆனால் மனம் இயங்கும் முறை அந்த அறிவுரைக்கு இடங்கொடுப்பதில்லை. கேட்ட பிள்ளை, தன்னால் மறக்க முடியவில்லையே என்ற இன்னொரு பாரத்தையும் சேர்த்துச் சுமக்கத் தொடங்குகிறது.

தடுக்க முடியாததைத் திருப்பிவிடலாம் என்பதை எங்கள் தோட்டக்காரர்கள் நன்கு அறிவார்கள். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்று இல்லாத குடாநாட்டில் வெங்காயமும் மிளகாயும் கிணற்று நீரால்தான் விளைகின்றன. துலா மிதித்த காலத்திலும் சரி, மிசின் இறைக்கும் இந்தக் காலத்திலும் சரி, தண்ணீர் மாறுகிறவர் ஒருவர் மண்வெட்டியோடு பாத்திகளுக்கு நடுவே நிற்பார். ஓடிவரும் தண்ணீரோடு அவர் மல்லுக்கட்டுவதில்லை. நிரம்பிய பாத்தியின் வாயை ஒரு வெட்டு மண்ணால் அடைத்து, காய்ந்திருக்கும் பாத்தியின் வாயைத் திறந்துவிடுகிறார். பலமுறை ஓடிய வாய்க்காலில் தண்ணீர் தானாகவே விரைந்து ஓடும். புதிதாக வெட்டிய வாய்க்காலோ முதலில் நீரை உறிஞ்சிக்கொண்டு மெல்லத்தான் வழிவிடும். மூளையைப் பற்றியும் ஏறத்தாழ இப்படிச் சொல்லலாம். ஒன்றாகத் திரும்பத் திரும்பத் தூண்டப்படும் நரம்புக் கலங்களுக்கிடையிலான இணைப்பு வலுப்பெறுகிறது என்ற கருத்தைக் கனடிய உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1949இல் முன்வைத்தார்; வளர்ந்தவர்களின் மூளையிலும் இத்தகைய மாற்றம் நிகழ்கிறது என்பது பின்னர் வந்த ஆய்வுகளால் உறுதியாயிற்று. இருபது ஆண்டுகளாக 'என்னால் ஒன்றும் ஆகாது' என்ற வாய்க்காலில் ஓடிய மனம் ஒரே நாளில் திரும்பாததற்கு அவருடைய மனவலிமைக் குறைவு காரணம் அன்று. வாய்க்காலின் வயதுதான் காரணம்.

எவ்வளவு காலம் ஆகும் என்ற கேள்வி இயல்பானது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், நாளாந்தம் செய்யும் ஓர் எளிய செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாறுவதற்கு 18 நாளிலிருந்து 254 நாள்வரை ஆகலாம் என மதிப்பிட்டார்கள். நடு அளவு 66 நாள். நல்லூர்த் திருவிழாவில் கொடியேறிய நாள் முதல் 25 நாளும் விரதம் பிடிக்கிறவர்களுக்குத் தொடர்ச்சி என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் விரதத்தில் ஒரு நாள் தவறினால் மனம் குற்ற உணர்வு கொள்ளும். இந்தப் பயிற்சியில் அது வேண்டாம். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு கண்டது.

எண்ணத்தைக் கையும் மெய்யுமாகப் பிடித்தல்

1960களின் தொடக்கத்தில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளமருத்துவர் ஆரன் பெக், மனச்சோர்வுக்காகத் தம்மிடம் வந்தவர்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்களுக்குள் இன்னொரு பேச்சு வேகமாக ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். அந்த உட்பேச்சு தானாக வந்தது, மிகச் சுருக்கமாக இருந்தது, வந்த வேகத்திலேயே உண்மை என்று நம்பப்பட்டது. பெரும்பாலும் அது தன்னைப் பற்றியும், சுற்றியுள்ள உலகத்தைப் பற்றியும், வருங்காலத்தைப் பற்றியும் இருண்ட தீர்ப்புகளாகவே இருந்தது. இவற்றைத் தானாக எழும் எண்ணங்கள் என்று அவர் அழைத்தார். இவற்றைப் பிடித்து விசாரிப்பதைச் சிகிச்சையின் மையமாக வைத்த முறை, இன்று உலகெங்கும் மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் மிக விரிவாக ஆராயப்பட்ட உளச்சிகிச்சைகளுள் ஒன்றாக இருக்கிறது.

எங்கள் வீடுகளில் நாளும் நடப்பதை எடுத்துக்கொள்வோம். ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்குத் தாய் இரவு 8 மணிக்கு வட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். நீலக்குறி விழுகிறது, பதில் இல்லை. அடுத்த சில கணங்களுக்குள் 'பார்த்தும் பதில் போடவில்லை, அவளுக்கு இப்போது நான் ஒரு பொருட்டில்லை, கிடந்தால் பார்க்கவும் ஆளில்லை' என்ற தொடர் ஓடி முடிந்துவிடுகிறது, நெஞ்சு அடைக்கிறது, இராச் சாப்பாடு அப்படியே மூடி வைக்கப்படுகிறது. இங்கே நடந்தது என்னவென்று கேட்டால், செய்தி பார்க்கப்பட்டது, பதில் இன்னும் வரவில்லை என்பது மட்டுமே. மற்றவை அனைத்தும் மனம் சேர்த்தவை. இங்கே இரவு 8 மணியாகும்போது அங்கே காலை வேலை நேரம் என்ற சாதாரண விடயம்கூட அந்தக் கணத்தில் நினைவுக்கு வருவதில்லை. நடந்தது, மனம் சேர்த்தது என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வதே முதற்பாடம்; பல பேருக்கு இந்த ஒரு பாடமே பாதி நிம்மதியைத் தந்துவிடுகிறது.

இதற்குத் தேவைப்படுவது ஒரு கொப்பியும் பேனையும் மட்டுமே. மனம் திடீரென்று கனத்துப்போன நேரத்தில், என்ன நடந்தது என்பதை ஒரு பொலிஸ்காரர் முறைப்பாடு பதிவதுபோல வெறும் சம்பவமாக எழுதவேண்டும். அதன் கீழே, அந்த நேரத்தில் மனம் என்ன சொன்னது என்பதை அதன் சொந்தச் சொற்களிலேயே, பேச்சுத்தமிழிலேயே எழுதவேண்டும். மனம் இலக்கணத் தமிழில் எங்களைத் திட்டுவதில்லை. ஆகவே அதன் குரலை அப்படியே பதிந்தால்தான் அடுத்த முறை அதை அடையாளம் காண முடியும். பிறகு, இது உண்மைதான் என்பதற்கு என்ன ஆதாரம், இதற்கு மாறாக என்ன இருக்கிறது, இதே நிலையில் இருக்கும் என் சிநேகிதிக்கு நான் என்ன சொல்வேன் என்று கேட்டு, கிடைக்கும் விடையைச் சுருக்கமாக எழுதவேண்டும். கடைசிக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். பிறருக்கு நீதியாகத் தீர்ப்புச் சொல்லத் தெரிந்த எத்தனையோ பேர் தங்களுக்குத் தாங்களே இரக்கமில்லாத நீதிபதிகளாக இருப்பதை அது ஒரே நொடியில் காட்டிவிடும்.

உயர்தரப் பெறுபேறு வந்த நாளில் ஒரு மாணவன் 'கம்பஸ் கிடைக்காவிட்டால் என் சீவியம் முடிந்தது' என்று எண்ணுகிறான் என்று கொள்வோம். 'எல்லாம் நன்மைக்கே' என்று அவனுக்குச் சொல்வதில் பயனில்லை. அவனே அதை நம்பமாட்டான். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கப்படும் இசட் புள்ளி குறைந்துவிட்டது என்பது உண்மை, அது வருத்தமானது என்பதும் உண்மை. ஆனால் 'முடிந்தது' என்ற சொல்லைத் தனியே எடுத்து விசாரிக்கலாம். பரீட்சைக்கு மறுபடியும் தோற்ற முடியுமா, திறந்த பல்கலைக்கழகம், தொழில்நுட்பக் கல்லூரி போன்ற வழிகளால் போய் இன்று வேலையில் இருக்கிறவர்கள் சொந்தக்காரரில் யார் யார் என்று எண்ணிப் பார்த்தால், 'விரும்பிய கதவு இந்த முறை திறக்கவில்லை, எனக்கு அது நோகிறது, அடுத்த கிழமை யாரிடம் கேட்கலாம் என்று பார்க்கவேண்டும்' என்ற அளவான எண்ணம் கிடைக்கும். இனிப்பான எண்ணம் நமக்குத் தேவையில்லை. அளவான எண்ணம் போதும்.

சில எண்ணங்கள் உண்மையாகவே இருக்கும் என்பதையும் சொல்லவேண்டும். நுண்கடன் தவணை கட்டப் பணம் இல்லை என்ற கவலையை விசாரித்து அது வெறும் எண்ணம் என்று ஒதுக்க முடியாது. அங்கே வேண்டியது கணக்கும், ஆலோசனையும், ஒருவேளை கடன் கொடுத்தவருடன் ஒரு பேச்சும்தான். அந்த வேலையையும் செய்துவிட்ட பின்னர் இரவு 2 மணிக்கு அதே எண்ணம் மறுபடி வந்து நின்றால், அப்போது இன்னொரு முறை உதவும். ஸ்டீவன் ஹேய்ஸ் என்ற உளவியலாளர் 1980களில் வளர்க்கத் தொடங்கிய சிகிச்சை முறையில், எண்ணத்தோடு வாதாடாமல் அதன் முன்னே ஒரு சிறு சொற்றொடரை மட்டும் சேர்க்கச் சொல்வார்கள். 'நான் தோற்றுப்போனேன்' என்பதை 'நான் தோற்றுப்போனேன் என்று என் மனம் சொல்கிறது' என்று மாற்றினால், எண்ணம் அங்கேயே இருக்கும். ஆனால் நாம் அதற்குள் இருக்கமாட்டோம், அதைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

கவலைக்கென்று ஒரு நேரத்தை ஒதுக்கிவைப்பதும் ஆராய்ந்து பார்க்கப்பட்ட முறையே. பகலில் யோசினை வரும்போதெல்லாம் அதை விரட்டாமல், 'ஐந்து மணிக்கு வா' என்று தள்ளிவைத்து, அந்த நேரம் வந்ததும் உட்கார்ந்து உண்மையாகவே கவலைப்பட வேண்டும். எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஓர் அம்மா உளவளத்துணையாளர் ஒருவர் சொன்னபடி இதைச் செய்துவருகிறார். பின்னேரம் வேலை முடிந்ததும் விறாந்தைத் திண்ணையில் அரை மணித்தியாலம் இருப்பார். அந்த நேரம் எவரும் அவரைக் கூப்பிடுவதில்லை. முதல் மாதம் அழுகையாகவே போனது என்றும், பிறகு சில நாள்களில் ஐந்து மணிக்கு என்னத்தைப் பற்றிக் கவலைப்பட இருந்தோம் என்பதே மறந்துபோனது என்றும் அவர் சொன்னார்.

உடலின் வழியாக

நெஞ்சு படபடக்கும் நேரத்தில் கொப்பி எழுத முடியாது. அப்போது உடலின் வழியாகத்தான் போகவேண்டும். மூச்சை வெளியே விடும் நேரம் உள்ளிழுக்கும் நேரத்தைவிட நீளும்போது, மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பின் செயலால் இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே என்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 மூச்சு விட்டாலே போதும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போர்க்காலத்தில் இங்கே மக்களுக்குச் சிகிச்சை அளித்தபோது, அவர்களுக்கு முன்பே பழக்கமானவற்றையே தளர்வுப் பயிற்சியாக ஆக்கிக்கொள்ளலாம் என்று காட்டினார். சைவர்களுக்கு மந்திர உச்சாடனமும், கத்தோலிக்கருக்குச் செபமாலையும், முஸ்லிம்களுக்கு திக்ரும் மனத்தை ஒரே இடத்தில் நிறுத்தும் பயிற்சிகளாக ஏற்கனவே கைவசம் இருந்தன. அம்மம்மா விடியற்காலையில் திருநீறு பூசிக்கொண்டு முணுமுணுத்ததைப் பிற்போக்கு என்று ஒதுக்கிய தலைமுறை, அதே பயிற்சியைக் கைத்தொலைபேசிச் செயலியில் காசு கட்டிப் பெறுவதை நினைக்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எங்கள் மண்ணுக்கென்றே ஓர் எச்சரிக்கையும் உண்டு. செல்லடிக்கும் குண்டுவீச்சுக்கும் நடுவே வாழ்ந்தவர்களில் சிலருக்கு, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னால் அமைதிக்குப் பதிலாகப் பழைய காட்சிகள் எழுந்துவரும். மாரி இடிமுழக்கமோ திருவிழா வெடியோ அவர்களை நொடிப்பொழுதில் பங்கருக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அப்படிப்பட்டவர்கள் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, பாதம் சீமெந்து நிலத்தில் பட்டிருக்கும் குளிர்ச்சியை உணர்ந்து, எதிரே தெரியும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லலாம். இன்றைய திகதியையும் இருக்கும் இடத்தையும் சொல்வதும் உதவும். பயிற்சி கூடுதல் கலக்கத்தைத் தருமானால் அதை நிறுத்திவிட்டுத் தகுந்தவரிடம் கேட்பதே சரி. பல்லைக் கடித்துக்கொண்டு தொடரக்கூடாது.

நாரி நோ

உடல் வலியைப் பற்றிப் பேசும்போது எங்கள் பேச்சுமொழிக்கு ஒரு வசதி இருக்கிறது. நோகுது, உளையுது, குத்துது, எரியுது, கடுக்குது, இழுக்குது, விறைக்குது என்று ஒவ்வொன்றையும் வேறுபடுத்திச் சொல்ல எங்களுக்குச் சொல் உண்டு. ஆறு ஆண்டுகளாக நாரி நோவோடு, அதாவது இடுப்பு வலியோடு, இருக்கும் ஒருவன் என்ற முறையில், இந்தச் சொற்கள் எனக்கு மருந்தைப் போலவே உதவியிருக்கின்றன என்று சொல்வேன். 'தாங்க முடியாத நோ' என்று மொத்தமாகச் சொல்லும்போது மனம் பயந்துவிடுகிறது. 'இடப்பக்கம் உளைவு, குனியும்போது ஓர் இழுவை, இப்போது எரிவு இல்லை' என்று பிரித்துச் சொல்லும்போது, அதே நோ அளவுக்குள் வந்துவிடுகிறது.

நோவின் அளவு காயத்தின் அளவோடு எப்போதும் பொருந்துவதில்லை என்பதை இரண்டாம் உலகப்போரில் காயப்பட்ட படைவீரர்களைப் பார்த்த அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் 1946இல் எழுதினார். படுகாயமடைந்திருந்தும் அவர்களுள் பெரும்பாலோர் வலிமருந்து வேண்டாம் என்றார்கள். போர்க்களத்திலிருந்து உயிரோடு மீண்டுவிட்டோம் என்ற உணர்வு அவர்களுடைய நோவின் பொருளையே மாற்றியிருக்கலாம் என்று அவர் கருதினார். செல் துண்டு பட்டது தெரியாமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, இரத்தத்தைக் கண்ட பிறகுதான் நோவை உணர்ந்தவர்கள் எங்களிடையே பலர் இருக்கிறார்கள். 1965இல் ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்ற இருவர் இதற்கு ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். காயப்பட்ட இடத்திலிருந்து புறப்படும் செய்தி, முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டாகிய முண்ணாணில் ஒரு படலையைக் கடந்தே மூளைக்குப் போகிறது. தடவுதல் போன்ற தொடுகையும், மூளையிலிருந்து கீழே இறங்கும் செய்திகளும் அந்தப் படலையை ஒடுக்கவோ அகலத் திறக்கவோ வல்லவை என்றார்கள். அடிபட்ட முழங்காலைத் தாய் தேய்த்துவிடும்போது பிள்ளையின் அழுகை அடங்குவதற்கு இதில் ஒரு காரணம் கிடைக்கிறது. அந்த விளக்கத்தின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும், பயமும் கவனமும் மனநிலையும் நோவைக் கூட்டிக் குறைக்கின்றன என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. இதனால் நோ கற்பனை என்று ஆகிவிடாது. நோகிறவருக்கு நோ முழுக்க உண்மையானது. "எல்லாம் உன்ரை மனப்பிரமை" என்று சொல்வது அறிவியலுக்கும் பொருந்தாது, மனிதத்தன்மைக்கும் பொருந்தாது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோவை நாட்பட்ட நோ என்கிறார்கள். மருந்தால் முற்றாகத் தீராத இத்தகைய நோவோடு வந்தவர்களுக்காக ஜோன் கபாட் சின் 1979இல் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். பின்னர் அது 8 வார நெறியாக உலகெங்கும் பரவியது. நோவை விரட்டப் பார்க்காமல், அதை ஆர்வத்தோடு கவனிக்கப் பழக்குவதே அதன் சாரம். நோவோடு சேர்ந்து ஓடும் 'இனி நான் படுக்கைதான்' என்ற எண்ணத்தை நோவிலிருந்து பிரித்துப் பார்க்க அந்தக் கவனம் உதவுகிறது. பிரித்துப் பார்த்தால் நோ போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன், எனக்குப் போகவில்லை. ஆனால் நோவின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த பயம் இறங்கியது, நித்திரை திரும்பியது.

நடைமுறையில் எனக்கு மிகவும் பயன்பட்டது வேலையை அளந்து செய்வதுதான். முன்பெல்லாம் நோ குறைந்த நாளில் வளவு முழுவதையும் கூட்டிக் குப்பை அள்ளிவிட்டு, அடுத்த மூன்று நாள் பாயில் கிடப்பேன். கிடக்கும்போது தசை தளரும், பயம் வளரும், அடுத்த முறை இன்னும் விரைவில் நோகும். இப்போது நோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் பத்து நிமிடம் கூட்டுகிறேன், பிறகு இருக்கிறேன். நல்ல நாளில் ஆசையை அடக்குவது, கூடாத நாளில் எழும்புவதைவிடக் கடினமாக இருந்தது. ஆனால் காலில் திடீர் பலவீனம் அல்லது விறைப்பு, சலம் மலம் கட்டுப்படாமை, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு என்பன நாரி நோவோடு சேர்ந்து வந்தால், மனப்பயிற்சியை ஒருபுறம் வைத்துவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

அதேபோல, இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, நித்திரையும் பசியும் குலைந்த நிலை, தன்னைக் குற்றஞ்சாட்டிக்கொண்டே இருத்தல் ஆகியவை தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சாக நினைப்பது ஒரு தடவை தோன்றினாலும் அதை வாய்விட்டு ஒருவரிடம் சொல்லவேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன. அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். கிளினிக்குக்குப் போனால் ஊர்ச்சனம் விசர் என்று சொல்லும் என்ற பயத்தால் ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே எரிந்தவர்களை நான் அறிவேன். நீரிழிவுக் கிளினிக்கில் வரிசையில் நிற்பதற்கு வெட்கப்படாத நாங்கள், பக்கத்துக் கட்டடத்துக்குப் போக வெட்கப்படவேண்டிய அவசியம் இல்லை.

மாறிப்போன வாழ்வு

வாழ்க்கை மாற்றம் என்ற சொல்லே எங்களுக்குச் சிறியதாகத் தோன்றலாம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மழையில் நடந்தார்கள். 1990இல் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2004 கடற்கோள் வடமராட்சி கிழக்கின் கரையோர ஊர்களைக் கொண்டுபோனது. இவ்வளவுக்கும் பிறகு 'மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று எளிதாகச் சொல்ல எனக்கு வாய் வராது. ஏற்றுக்கொள்ளுதல் என்ற சொல்லை உளவியல் பயன்படுத்தும்போது, நடந்தது சரி என்று ஒப்புக்கொள்வதை அது குறிப்பதில்லை. நடந்தது நடந்துவிட்டது என்ற உண்மையோடு போராடிச் செலவாகும் சக்தியை மீட்டெடுப்பதையே அது குறிக்கிறது. நீதி கேட்பதற்கும் அந்தச் சக்தி தேவைப்படும்.

துயரம் ஐந்து படிகளில் இறங்கி முடியும் என்ற கருத்து எங்கும் பரவியிருக்கிறது. எலிசபெத் கியூப்ளர் ரோஸ் 1969இல் அந்தப் படிகளைச் சொன்னது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளர்களைப் பார்த்தே; துயரப்படுகிற எல்லோரும் அந்த வரிசையில்தான் போகவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. நெதர்லாந்தில் மார்கிரெட் ஸ்ட்ரோப், ஹென்க் சுட் ஆகியோர் 1999இல் முன்வைத்த விளக்கம் எனக்கு உண்மைக்குக் கிட்டியதாகப் படுகிறது. இழந்தவர் சில நேரம் இழப்பின் பக்கம் திரும்பி அழுகிறார், சில நேரம் அடுப்பையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் பார்க்கத் திரும்புகிறார். இந்தப் போய்வருதலே குணமாகும் வழி என்கிறார்கள் அவர்கள். எங்கள் மரபு இதை நாள் குறித்தே செய்துவைத்திருக்கிறது. செத்தவீட்டில் ஒப்பாரி சொல்லி அழுகிறோம். எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, ஆட்டத் திவசம் என்று துயரத்துக்கு நாள் ஒதுக்கி, இடைப்பட்ட நாள்களில் வாழ்வதற்கு அனுமதி தருகிறோம். ஆடி அமாவாசையன்று கீரிமலையில் தகப்பனை நினைத்து முழுகி எழும் ஒருவர் மறுநாள் கடையைத் திறக்கிறார். அவரை எவரும் கல்மனம் என்று சொல்வதில்லை.

நாள் குறிக்க முடியாத இழப்பும் உண்டு. ஆள் இல்லை, ஆனால் இறந்தார் என்ற செய்தியும் இல்லை. இதைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு ஆராய்ந்தவர் போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். அத்தகைய குடும்பத்திடம் 'முடிவுக்கு வாருங்கள்' என்று வற்புறுத்தக்கூடாது என்பது அவருடைய முதன்மையான கருத்து. வருவான் என்ற நம்பிக்கையும், வராமலும் போகலாம் என்ற அறிவும் ஒரே மனத்தில் ஒன்றாக இருக்கலாம். இரண்டையும் வைத்துக்கொண்டு வாழப் பழகுவதே அங்கே பயிற்சி. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி ஆண்டுக்கணக்காக வீதியோரத்தில் தொடர்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோருடைய தாய்மாரின் போராட்டத்தைத் துயரத்திலிருந்து மீளாதவர்களின் பிடிவாதமாக எவரேனும் பார்த்தால், அவர்கள் இந்த இழப்பின் தன்மையை அறியாதவர்கள்.

பின்னேரத்தில் விறாந்தைத் திண்ணையில் இருக்கும் அந்த அம்மாவின் மகனும் அப்படிப்பட்டவன்தான். அவனுடைய பிறந்தநாளன்று அவர் திண்ணை நேரத்துக்குக் காத்திருப்பதில்லை. காலையிலேயே புக்கை பொங்கி, கோயிலில் வைத்துவிட்டு, ஒழுங்கைப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுப்பார். பகல் முழுவதும் அவனுடைய சட்டைகளை எடுத்துத் தோய்த்து வெயிலில் போடுவார். போன ஆண்டு படலையில் நின்று, அன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அண்டைக்கு வாற யோசினை எல்லாம் வரட்டும் எண்டு விட்டிடுவன், தம்பி" என்றார். "அடுத்த நாள் விடிய ஆட்டுக்குக் குழை முறிக்கப் போகவேணும்."